ஆறேகாலுக்குத் திறக்கும் பள்ளி

செப்டம்பர் 9

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் நன்றாக இருப்பதாகத்தான் எழுதுவீர்கள், அதனால் அதைக் கேட்கவில்லை. முழங்கால் வீக்கம் வடிந்ததா, படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கிறீர்களா, இந்த இரண்டுக்கு மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதவும்.

போன் இருந்தாலும் கடிதத்தை விடக்கூடாது என்று நீங்கள் சொன்னது சரிதான். போனில் நாம் சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா என்பதைத் தாண்டுவதே இல்லை. தாண்டப் போகும் நேரத்தில் உங்கள் மலைமேல் மேகம் வந்து லைன் போய்விடுகிறது.

முதலில் வீட்டுச் செய்தி. மாடித் தொட்டி மோட்டார் மறுபடி மக்கர் பண்ணுகிறது. ஊர் ஊராகப் போய் பம்பு ரிப்பேர் கற்றுக்கொடுக்கிறவர் வீட்டில் தண்ணீர் ஏறவில்லை என்று பக்கத்து வீட்டு அம்மா தினம் ஒரு தடவை சிரித்துவிட்டுப் போகிறார். மெக்கானிக் வந்து திறந்து பார்த்தார். "இதக் கடைசியா யாரு கழட்டினது?" என்று கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. உங்கள் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன். மகளும் மாப்பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள், சுகமாக இருக்கிறார்கள்.

இனி அலுவலகம். நம் மறைமாவட்டப் பள்ளிகளின் இயக்குநர் ஃபாதரை ஜூலையில் வேறு ஊருக்கு மாற்றிய பிறகு இன்னும் புது ஆள் போடவில்லை. "அதுவரைக்கும் நீங்க பாத்துக்குங்கம்மா" என்று ஆயர் சொன்னதை நான் ஒரு மாதத்துக்குத்தான் என்று நினைத்தேன். ஏழு பள்ளிக்கூடம், இருநூற்றுப் பத்து ஆசிரியர்கள், ஐயாயிரத்துச் சொச்சம் பிள்ளைகள். இருபத்தாறு வருடம் வேதியியல் டீச்சராகவும் மூன்று வருடம் அவருக்கு உதவியாகவும் இருந்தவளுக்கு இது கொஞ்சம் பெரிய பரிசோதனைக் கூடம்தான். ஆனாலும் சொல்கிறேன், பயமாக இல்லை. காலையில் எழுந்ததும் அன்றைய வேலை வரிசையாகக் கண்முன் வந்து நிற்கிறது. அது ஒரு சுகம்.

நாங்கள் நாலு பேர். செவ்வாய்க்கிழமை தோறும் ஒன்பது மணிக்கு ஆயர் இல்லத்து மாடி அறையில் உட்காருகிறோம். ஆசிரியர் பயிற்சியைச் சிஸ்டர் பார்க்கிறார். ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார் என்றால் கூட்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அளந்துதான் பேசுவார். கட்டடங்களுக்கு என்ஜினியர். ரயில்வேயில் பாலம் கட்டியவர், எந்த அறைக்குள் போனாலும் முதலில் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். நாலாவது, ஆயரின் பிரதிநிதியாக வரும் இளம் பாதிரியார். எதைக் கேட்டாலும் லேப்டாப்பைத் திருப்பி ஒரு கோடு காட்டுவதால் அவருக்கு கிராஃப் ஃபாதர் என்று பெயர் வைத்திருக்கிறோம். பெயர் வைத்தது என்ஜினியர், பரப்பியது நான்.

போன வாரம் கிராஃப் ஃபாதர் காட்டிய கோடு, பஸ் டிப்போவை ஒட்டி இருக்கிறதே, நம் ஏழில் மூத்த பள்ளி, அதைப் பற்றியது. ஒரு காலத்தில் தொள்ளாயிரம் பிள்ளைகள் படித்த இடம். இப்போது நூற்றெண்பத்தேழு. இரண்டாவது மாடி முழுக்கப் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பிள்ளைகளை நாலு கிலோமீட்டர் தள்ளியுள்ள பெரிய பள்ளிக்கு மாற்றிவிட்டு இதை மூடிவிடலாம் என்பது அவர் யோசனை. அங்கே நல்ல ஆய்வுக்கூடம் இருக்கிறது, மைதானம் இருக்கிறது. பள்ளி வேன் விட்டுவிடலாம். என்ஜினியர் தலையாட்டினார். நானும் சரி என்றேன். எனக்கு இதில் இரண்டு மனசு இல்லை. அரைகுறையாக ஒன்றை இழுத்துக்கொண்டிருப்பதைவிட, பிள்ளைகளை நல்ல இடத்தில் உட்கார வைப்பதுதான் சரி.

சிஸ்டர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "நாம நாலு பேரும் அந்தப் பள்ளிக்கூடத்துல கடைசியா எப்ப போயி நின்னோம்?" யாருக்கும் ஞாபகம் இல்லை. அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம்.

இம்மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பெற்றோரைக் கூட்டி நானே சொல்லப் போகிறேன். கசப்பான செய்தியைத் தலைமையாசிரியை வாயால் சொல்ல வைப்பது நியாயமில்லை. நவம்பரில் ஆயரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டால் ஏப்ரலில் எல்லாம் முடிந்துவிடும்.

ஏப்ரலில் என் பொறுப்பும் முடியும். மே மாதம் நான் அங்கே இருப்பேன். ஜன்னல் பக்கம் எனக்கென்று மேசை வாங்கிப் போட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். உயரத்தை அளந்து வாங்கினீர்களா, இல்லை உங்கள் உயரத்துக்கு வாங்கிவிட்டீர்களா?

ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே வைத்திருக்காமல் போடவும்.

அன்புடன்,
உங்கள் மனைவி

*

அக்டோபர் 28

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் சேர்ந்தாற்போல் வந்தன. முழங்காலைப் பற்றி நாலு வரி எழுதியதற்கு நன்றி. நாலில் இரண்டு உண்மையாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஒரு மாதம் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு டிப்போ பள்ளியின் கூடத்தில் கூட்டம். தொண்ணூறு நாற்காலி போட்டிருந்தோம். நூற்று நாற்பது பேர் வந்தார்கள். கண்டக்டர்கள், பஸ் கழுவுகிறவர்கள், டிப்போ கேன்டீனில் வேலை செய்கிறவர்கள், மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்கள். பாதிப் பேர் சீருடையோடு வந்திருந்தார்கள். நான் நன்றாகத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். பெரிய பள்ளியில் என்னென்ன இருக்கிறது என்று சொன்னேன். யாரையும் விட்டுவிட மாட்டோம், வேன் வாசலுக்கே வரும் என்று சொன்னேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

இரண்டாவது வரிசையில் பஸ் கழுவும் அம்மா ஒருவர், காக்கிச் சட்டையும் ரப்பர் செருப்புமாக, எழுந்து நின்றார்.

"டீச்சர், வேனு எத்தன மணிக்கு வரும்?"

எட்டு மணிக்கு என்றேன்.

"எனக்கு ஆறரைக்கு டூட்டி. அதுவரைக்கும் எம் புள்ளைங்க ரெண்டும் எங்க நிக்கும்?"

இப்போது எங்கே நிற்கிறார்கள் என்று நான் கேட்டேன். வேறு எதையும் நினைத்துக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டேன். நூற்று நாற்பது பேரும் தலைமையாசிரியையைப் பார்த்தார்கள். தலைமையாசிரியை மின்விசிறியைப் பார்த்தார். அந்த அம்மா, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று புரிந்து, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து யாரிடமும் சொல்லாமல் போனேன். ஆறேகாலுக்கு வாசல் கதவு ஒரு பக்கம் திறந்திருந்தது. நம் விதிப்படி எட்டு இருபதுக்கு முன்னால் எந்தப் பள்ளியும் திறக்கக்கூடாது. உள்ளே தாழ்வாரத்தில் ஒரு மேசை போட்டுத் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார். வருகிற ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். ஒரு கண்டக்டர் டிக்கெட் பையைத் தோளில் மாட்டியபடியே மகளை இறக்கிவிட்டு ஓடினார். எட்டாம் வகுப்புப் பெண்கள் சின்னதுகளுக்குத் தலைவாரி விட்டார்கள். ஒரு வகுப்பறையில் பாய் விரித்து ஏழெட்டுக் குட்டிகள் விட்ட தூக்கத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தன. பக்கத்து அறையில் பெரிய பிள்ளைகள் சத்தமில்லாமல் படித்தார்கள். ஏழு மணிக்கு நான் எண்ணினேன். எழுபத்தொரு பேர்.

தலைமையாசிரியைக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்தார், ஆனால் பயப்படவில்லை. எத்தனை வருடமாக இப்படி என்று கேட்டேன். "பதினொன்னு" என்றார். எங்களிடம் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா வேணாம்னு சொல்லுவீங்க. அதான் கேக்கல மேடம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு பிள்ளை விழுந்து அடிபட்டிருந்தால் யார் பதில் சொல்வது? விதி என்று ஒன்று எதற்கு இருக்கிறது? வாய்வரை வந்தது. ஆனால் பதினொரு வருடத்தில் அந்த அம்மாள் ஒரு நாள்கூட ஆறேகாலுக்குப் பிந்தியதில்லை. மூன்று வருடமாக நான் இந்த ஏழு பள்ளியையும் பார்த்துக்கொள்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எனக்கு இது தெரியாது. அந்த மேசையில் இன்னொரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அடுத்து வந்த பிள்ளைகளின் பெயரை நான் எழுதினேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் இதைச் சொன்னேன். கிராஃப் ஃபாதர் லேப்டாப்பைத் திறந்து எதையோ தேடினார். பிறகு திருப்பிக் காட்டினார். ஏழு பள்ளியிலும் பிள்ளைகள் விடுப்பு எடுப்பது எங்கே குறைவு என்று ஒரு பட்டியல். டிப்போ பள்ளிதான் முதலில். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் தினமும் வருகிறார்கள். பெரிய பள்ளியில்கூட அப்படி இல்லை.

"இது ரெண்டு வருஷமா எங்கிட்ட இருக்கு. அவங்க தப்பா ஏத்திட்டாங்கன்னு நெனச்சு விட்டுட்டேன்" என்றார். முகம் சிவந்துபோயிருந்தது. எனக்கு அந்த நிமிடம் அந்தப் பையனை, பையன் என்றே சொல்கிறேன், நம் மகளைவிட இரண்டு வயதுதான் மூத்தவர், ரொம்பப் பிடித்துப்போயிற்று. தன் கோடு தப்பு என்று தானே சொல்ல எத்தனை பேரால் முடியும்?

ஆளுக்கு ஒரு வாரம் அங்கே போய் வேலை செய்வது என்று முடிவு செய்தோம். பார்வையிட இல்லை, வேலை செய்ய. கிராஃப் ஃபாதர் காலை ஆறேகால் மேசையை எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் ஒரு குட்டிப் பெண் அவர் அங்கியைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டதாம், ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாராம். என்ஜினியர் தட்டாத சுவரில்லை. "இந்தக் கட்டடம் நம்ம எல்லாரையும் அனுப்பி வச்சிட்டுத்தான் போகும்" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார். சிஸ்டர் ஐந்தாம் வகுப்பில் போய் உட்கார்ந்து பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். டீச்சர்கள் நல்லவர்கள், ஆனால் அவர்களுக்கு ஐந்து வருடமாக யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை, அது தன் குறை என்றார்.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு வேதியியல் எடுத்தேன். சாக்பீஸைத் தொட்டு மூன்று வருடம் ஆயிற்றா, கை பரபரவென்று இருந்தது. கரும்பலகை நிறைய எழுதித் தள்ளினேன். கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பெண், "மிஸ், அந்தப் பக்கம் ஆக்சிஜன் ஒண்ணு குறையுது" என்றது. குறைந்துதான் இருந்தது. இருபத்தாறு வருட அனுபவம் ஒரே வரியில் காற்றில் போய்விட்டது. வகுப்பு சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன்.

இதற்கெல்லாம் பிறகு பெற்றோரை மறுபடி கூட்டினேன். விசாரிக்காமல் முடிவு செய்துவிட்டேன், அது என் தப்பு, சொன்னதை வாபஸ் வாங்குகிறேன் என்று சொன்னேன். பிள்ளைகளிடம் எத்தனை ஆயிரம் தடவை, தப்பை ஒத்துக்கொள் என்று சொல்லியிருப்பேன்! நூற்று நாற்பது பேர் முன்னால் நாமே சொல்லும்போது அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? சொல்லி முடித்தேன். அப்புறம் அந்தப் பஸ் கழுவும் அம்மா எழுந்து, "அப்ப வேனு வராதா?" என்று கேட்டார். வேனும் வேண்டுமாம். கூடமே சிரித்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் வாபஸ் வாங்கினால் மட்டும் ஆயிற்றா? நவம்பர் பதினெட்டாம் தேதி ஆயரின் ஆலோசனைக் குழு கூடுகிறது. பூட்டிக் கிடக்கும் மாடியை என்ன செய்யப்போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். நாங்கள் நாலு பேரும் அந்த மாடியில் ஒட்டடைக்கு நடுவில் நின்றுகொண்டு யோசித்தோம். ஒன்பது அறை. நல்ல காற்று. ஜன்னலைத் திறந்தால் வரிசையாக பஸ்களின் முதுகு தெரிகிறது. வாடகைக்கு விடலாம் என்றார் என்ஜினியர். சிஸ்டர் ஹெல்மெட்டைக் கையில் வைத்தபடி சுற்றிலும் பார்த்துவிட்டு, "நாமளே வந்துடலாமே" என்றார்.

முதலில் விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தோம். இல்லை. தலைமை அலுவலகம், ஆசிரியர் பயிற்சி, எல்லாமே ஆயர் இல்லத்தை விட்டு இங்கே வந்துவிடுவது. ஏழு பள்ளியின் டீச்சர்களும் பயிற்சிக்கு இங்கே வருவார்கள், கீழே இருக்கும் வகுப்புகளிலேயே பாடம் எடுத்துப் பழகுவார்கள். பிள்ளைகளுக்கும் லாபம். அன்று திரும்பி வரும்போது எனக்கு பஸ்ஸில் உட்காரவே இடம் கிடைக்கவில்லை, கிடைத்திருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன். அவ்வளவு உற்சாகம்.

நீங்கள் கேட்டிருந்தது. ஆயரிடம் ஏப்ரலில் விலகுவதாகக் கடிதம் கொடுத்தாயா என்று. இன்னும் கொடுக்கவில்லை. இந்த வேலையில் அவரைத் தனியாகப் பார்க்க நேரம் அமையவில்லை. பதினெட்டாம் தேதிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மோட்டாரை மாற்றியாகிவிட்டது. பழையதைத் தூக்கிப் போடவில்லை, நீங்கள் வந்து பார்த்து நீங்களே போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மனைவி

*

நவம்பர் 30

என் அன்புள்ளவருக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை தொடங்கிக் கிழித்துவிட்டேன். போனில் இரண்டு முறை பேசினோம், அப்போதும் சொல்லவில்லை. இதைத் தாளில்தான் சொல்ல முடியும் என்று தோன்றியது. நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

பதினெட்டாம் தேதி ஆலோசனைக் குழு. நீளமான மேசை. ஒரு பக்கம் ஆயர், மூத்த குருக்கள் ஐந்து பேர், பெரிய பள்ளியின் தாளாளர் ஃபாதர். இந்தப் பக்கம் நாங்கள் நாலு பேர். பெரிய பள்ளி ஃபாதர் ஏற்கெனவே புதிதாக நாலு வகுப்பறைக்குப் பெஞ்சு வாங்கிவிட்டார், அவர் கோபம் நியாயம்தான். பேபி கிளாஸுக்குப் பாய் விரித்துத் தூங்க வைப்பதற்கா ஒரு பள்ளி நடத்துகிறோம் என்று கேட்டார். செப்டம்பரில் மூடலாம் என்றவர்கள் நவம்பரில் குடிபோகிறோம் என்கிறார்கள், ஜனவரியில் என்ன சொல்வார்கள் என்றும் கேட்டார். சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை.

கிராஃப் ஃபாதர் எழுந்தார். லேப்டாப்பைத் திறக்கவில்லை. தலைமையாசிரியையின் பதினொரு வருட நோட்டுகளை ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். அவற்றை மேசை நடுவில் அடுக்கி வைத்து, "யாரு வேணா எந்தப் பக்கத்த வேணா பொரட்டிப் பாருங்க" என்றார். ஆயர் ஒன்றை எடுத்துப் புரட்டினார். பெயரும் நேரமும். பெயரும் நேரமும். மழை நாள், வெயில் நாள், எல்லா நாளும். அவர் கொஞ்ச நேரம் படித்தார்.

அடுத்து நான் பேசினேன். ஆறேகாலுக்குத் திறப்பதை இனி ஒளித்துச் செய்யக்கூடாது, ஏழு பள்ளியிலும் ஆள் போட்டு, முறையாக, பொறுப்போடு செய்ய வேண்டும் என்றேன். பெரிய பள்ளிக்கு இது தேவையில்லை, எங்கள் பிள்ளைகள் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் இல்லை என்றார் ஃபாதர். ஒரே ஒரு வாரம் திறந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று சிஸ்டர் கேட்டார். அன்று அவர் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

ஆயர் நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். பள்ளி இருக்கட்டும், அலுவலகமும் போகட்டும், ஆனால் இரண்டு வருடத்தில் பிள்ளைகள் எண்ணிக்கை முன்னூறைத் தொட வேண்டும், இல்லையென்றால் மறுபடி இதே மேசைக்கு வர வேண்டியிருக்கும் என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டார்.

"இதுக்கு யாரும்மா பொறுப்பு? புதுசா வர்றவர் தலையில கட்டிட்டு நீங்க ஏப்ரல்ல கெளம்பிடுவீங்கல்ல?"

அவருக்கு நீங்கள் மலையில் இருப்பது தெரியும். நான் வரப்போவதும் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று நான் சொல்லியிருந்தால் கட்டாயம் நேரம் கொடுத்திருப்பார்.

"கெளம்பல. ரெண்டு வருஷம் நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன்.

உங்களை அந்த நேரத்தில் மறந்துவிட்டேன் என்று எழுதினால் சுலபமாக இருக்கும். மறக்கவில்லை. நீங்கள் சுவருக்கு வெள்ளையடித்ததாக எழுதியிருந்தது, சமையலறையில் அலமாரியை எனக்குக் கை எட்டுகிற உயரத்துக்கு இறக்கியது, எல்லாம் ஞாபகம் வந்தது. அதையெல்லாம் நினைத்துக்கொண்டேதான் சொன்னேன். முப்பது வருடத்தில் ஒரு மிக்ஸி வாங்குவதைக்கூட உங்களைக் கேட்காமல் நான் முடிவு செய்ததில்லை.

வெளியே வந்ததும் என்ஜினியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சிஸ்டர் குலுக்கவில்லை. ஸ்கூட்டர் நிறுத்தம் வரை என்னோடு நடந்து வந்து, "வீட்ல சொல்லியாச்சா?" என்று மட்டும் கேட்டார். நான் இல்லை என்றேன். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மகளிடம் அன்று மாலையே சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "அப்பாகிட்ட சொன்னியாம்மா?" என்றுதான் அவளும் கேட்டாள். பன்னிரண்டு நாளாக தினமும் அதையே கேட்கிறாள்.

வேலையைப் பற்றிச் சொல்வதென்றால், எல்லாம் நன்றாக நடக்கிறது. போன சனிக்கிழமை அலமாரிகளை மாடிக்கு ஏற்றினோம். ஏற்றியது டிப்போ ஆட்கள். கயிறு கட்டி, "ஏத்து, இன்னும் ஏத்து" என்று குரல் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். என்ஜினியர் மேலே நின்று கட்டளை போட்டார், யாரும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. இப்போது என் அறைக்குக் கீழேதான் ஒன்றாம் வகுப்பு. அவர்கள் வாய்ப்பாடு சொல்லும்போது என் மேசைமேல் இருக்கும் தண்ணீர் டம்ளர் அதிர்கிறது. வாரத்தில் இரண்டு நாள் ஒன்பதாம் வகுப்புக்கு நானே பாடம் எடுக்கிறேன், இப்போது எழுதுவதற்கு முன் ஆக்சிஜனை எண்ணிக்கொள்கிறேன்.

பெரிய பள்ளி ஃபாதர், சிஸ்டர் கேட்டபடி ஒரு வாரம் காலையிலேயே கதவைத் திறந்து வைத்தார். முதல் நாள் ஏழு மணிக்குள் அறுபத்துமூன்று பிள்ளைகள். இத்தனை வருடமாக அதுகள் எதிர்க் கடையின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தனவாம். கடைக்காரருக்குத் தெரியும், வாட்ச்மேனுக்குத் தெரியும், எங்களுக்குத்தான் தெரியவில்லை. ஃபாதர் எனக்குப் போன் செய்தார். "நீங்க சொன்னப்ப நான் நம்பல மேடம். அந்த மேசைக்கு எங்க வாங்கின நாற்காலின்னு மட்டும் சொல்லுங்க, நானும் உக்காரணும்" என்றார். நல்ல மனிதர்.

டிப்போ பள்ளிக்கு அடுத்த வருடச் சேர்க்கைக்கு இதுவரை நாற்பத்தாறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். விளம்பரம் ஒன்றும் கொடுக்கவில்லை. பஸ் கழுவும் அம்மா ஒருவரே பதினோரு பேரைக் கூட்டிவந்தார். முன்னூறு வரும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. இந்த வேலையை என்னால் செய்ய முடியும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்த வயதில் ஒரு பெண்பிள்ளைக்கு அப்படித் தோன்றுவது எவ்வளவு அபூர்வம் என்று உங்களைத் தவிர வேறு யாரிடம் நான் சொல்வேன்?

சந்தேகமெல்லாம் ஒரே ஒரு இடத்தில்தான், அது நீங்கள் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் என்ன செய்வீர்கள் என்பது. வழக்கம்போல மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வகுப்புக்குப் போய், பம்பைக் கழற்றி மாட்டிக் காட்டிவிட்டு, சாயங்காலம் ஒன்றும் நடக்காததுபோல் நடக்கப் போவீர்கள். யாரிடமும் முகம் காட்ட மாட்டீர்கள். அந்த நடையை நினைத்தால்தான் எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை.

நான் செய்தது சரி என்று உங்களை ஒத்துக்கொள்ள வைக்க இதை எழுதவில்லை. வேலையில் செய்தது சரி. உங்களைக் கேட்காமல் சொன்னது சரியில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, ஒன்றைக் காட்டி இன்னொன்றை மன்னிக்கச் சொல்ல மாட்டேன்.

பிப்ரவரியில் உங்களுக்கு மூன்று வார விடுமுறை உண்டு. போன வருடம் நீங்கள் அதை எடுக்கவில்லை. மருத்துவரிடம் காட்டி அந்தக் காலுக்கு ஒரு வழி பண்ண வேண்டும். ஜூனில் உங்கள் ஒப்பந்தம் முடியும்போது கம்பெனி மறுபடி நீட்டிக்கச் சொல்லும், நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நாம் உட்கார்ந்து பேசலாம். பேசலாம் என்று மட்டும்தான் எழுதுகிறேன். அதற்கு மேல் கேட்கும் உரிமையை நானே குறைத்துக்கொண்டேன் என்பது தெரியும்.

ஆண்டவர் உங்கள் போக்கையும் வரவையும் காக்கட்டும். மழைக்காலத்தில் அந்தக் குறுக்குப் பாதையில் போகாதீர்கள். கோபம் வந்தால் திட்டி எழுதுங்கள், நீளமாகத் திட்டுங்கள், எத்தனை பக்கம் வந்தாலும் உட்கார்ந்து ஒரு எழுத்து விடாமல் படிக்கிறேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

என்றும் உங்கள்,
மனைவி